கோழி எரு மூட்டையும் நமது பொறுப்பும்

கடந்த சில ஆண்டுகளாக நமது மளிகைக் கடைகளின் வாசலில் ஒரு புதுச் சரக்கு இடம் பிடித்திருக்கிறது. துடைப்பக் கட்டுக்கும் கோலமாவு மூட்டைக்கும் நடுவே, ஒரு கிலோ, ஐந்து கிலோ பைகளில் ‘மக்கிய கோழி எரு’ அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மணவாள நகரிலும், காக்களூர் பக்கத்துப் புதுக் குடியிருப்புகளிலும், மொட்டை மாடியில் நாலு தொட்டியாவது வைக்காத வீடு குறைந்து வருகிறது. பருப்பு வாங்க வருகிற தாய்மார்களே, “அண்ணாச்சி, செடிக்கு எரு இருக்கா?” என்று கேட்கிறார்கள். கேட்ட சரக்கை வாங்கி வைப்பதுதானே வியாபாரம்? வாங்கி வைத்தோம். லாபமும் குறைவில்லை. புளியில் கிடைக்காத விழுக்காடு எருவில் கிடைக்கிறது என்பது நம்மில் பலருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஆனால் அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? துவரம்பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவோம். மிளகில் பப்பாளி விதை நம் கண்ணுக்குத் தப்பாது. எரு மூட்டையைப் பிரித்து மூக்கைப் பொத்திக்கொண்டு கிலோப் பையில் போட்டு ஒட்டுவதோடு நமது ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. நமது உறுப்பினர் ஒருவர் கடையில் எரு வாங்கிய வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வு பெற்ற ரசாயன ஆசிரியர், தொட்டியில் போட்ட கீரை வெளிறி வெளிறிப் போவதைக் கண்டு, மீதமிருந்த எருவைத் தன் பழைய மாணவர் ஒருவர் மூலம் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார். துத்தநாகம் அரசு வகுத்த வரம்பைத் தாண்டியிருந்தது. ஈயம் வரம்புக்குச் சற்றே உள்ளே நின்றது. அவர் சண்டைக்கு வரவில்லை. அந்தத் தாளைக் கல்லாவின் மேல் வைத்து, “இது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நமது உறுப்பினர் சரக்கு கொடுத்த ஆளைத் தேடினார். பில் இல்லை. பையில் அச்சிட்ட போன் எண் எடுபடவில்லை. மூட்டைச் சாக்கைத் திருப்பிப் பார்த்தபோது, உள்பக்கம் வேறொரு ரசாயனப் பொருளின் பெயர் பாதி அழிந்த நிலையில் இருந்தது. சாக்கை உள்வெளியாகத் திருப்பித் தைத்திருந்தார்கள்.

கோழி எருவில் உலோகம் எப்படி வருகிறது என்று பலரும் வியக்கிறார்கள். கோழி என்ன ஆணியைத் தின்கிறதா என்று நமது கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஆணியைத் தின்னவில்லை, தீவனத்தில் கலந்து நாமே கொடுக்கிறோம். கோழிக்குத் துத்தநாகம், செம்பு, மாங்கனீசு மூன்றும் அவசியம். துத்தநாகம் குறைந்தால் முட்டை ஓடும் இறகும் கெடும். ஆகவே தீவனத்தோடு தாது உப்புக் கலவை சேர்க்கிறார்கள். அதில் தவறில்லை. அளவில்தான் தகராறு. கோழியின் உடல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நமக்குக் கணக்கு புதிதல்ல. முட்டைக் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்கிறது. கிலோ தீவனத்தில் 100 மில்லிகிராம் துத்தநாகம் இருந்தால், நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் உள்ளே போகிறது. முட்டையில் போவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மீதி சுமார் 10 மில்லிகிராமும் எச்சத்தில்தான். அந்த எச்சம் காய்ந்த கணக்கில் சுமார் 30 கிராம். அதாவது கிலோவுக்கு 330 மில்லிகிராம் அளவில் துத்தநாகம். இதை மக்க வைக்கும்போது சருகும் சக்கையும் காற்றாகவும் ஆவியாகவும் போய், எடை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைகிறது. உலோகம் எங்கும் போவதில்லை, அப்படியே தங்கிவிடுகிறது. நாற்பது விழுக்காடு எடை குறைந்தது என்று வைத்துக்கொண்டால், மக்கிய எருவில் கிலோவுக்கு 550 மில்லிகிராம். பாலைச் சுண்டக் காய்ச்சினால் சர்க்கரை கூடுவது போலத்தான் இது.

சரி, தீவனத்தில் 100க்குப் பதில் 200 மில்லிகிராம் போட்டால்? மக்கிய எருவில் 1,180 அளவுக்கு வந்து நிற்கும். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்டுக்கு வகுத்துள்ள துத்தநாக வரம்பு கிலோவுக்கு 1,000 மில்லிகிராம்தான். வைக்கோலோ தென்னை நார்க்கழிவோ சேர்த்து மக்க வைத்தால் அளவு சற்று இறங்கும். ஆனால் அதுவும் மக்கிக் குறைவதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இருநூறு யார் போடுகிறார்கள் என்று கேட்கலாம். தெரிந்தே போடுபவர்கள் சிலர்தான். தெரியாமல் போடுபவர்கள் அதிகம். கம்பெனித் தீவனத்தில் ஏற்கெனவே தாது உப்பு கலந்திருக்கும். அதற்கு மேல் பண்ணைக்காரர் தம் திருப்திக்கு ஒரு பாக்கெட் கலவையைச் சேர்ப்பார். முட்டை குறைந்தால் இன்னொரு டானிக். மக்காச்சோளத்தில் பூசணம் வந்துவிடும் என்று பயந்து மயில்துத்தம் ஒரு கை. மயில்துத்தம் என்பது செம்பு சல்பேட்டேயன்றி வேறல்ல. இப்படி ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்வதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994ல் வெளியிட்ட அட்டவணைப்படி கறிக்கோழிக்குத் தேவை கிலோ தீவனத்துக்குத் துத்தநாகம் 40 மில்லிகிராம், செம்பு 8 மில்லிகிராம் மட்டுமே. இன்றைய வேகமாக வளரும் இனங்களுக்கு இதைவிடக் கூடுதலாகச் சிபாரிசு செய்கிறார்கள் என்றாலும், ஐரோப்பிய ஒன்றியம் கோழித் தீவனத்தில் துத்தநாகம் எந்த வழியில் வந்தாலும் மொத்தத்தில் 120ஐத் தாண்டக்கூடாது என்று 2016ல் 150லிருந்து குறைத்துவிட்டது. செம்புக்கு அங்கே வரம்பு 25. தீவனத்தைக் கட்டுப்படுத்தினால் எரு தானாகச் சரியாகும் என்பதுதான் அவர்கள் கண்ட வழி. அதுவே சரியான வழி என்பது நமது கருத்து.

இங்கே முட்டை வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. துத்தநாகம், செம்பு பற்றிய இந்தக் கணக்கைக் கேட்டு முட்டையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கூடுதலாகத் தின்ற துத்தநாகத்தைக் கோழி முட்டையில் ஏற்றுவது மிகக் குறைவு, எச்சத்தில்தான் கழிக்கிறது. வதந்தி கிளம்பினால் நாமக்கல்லில் ஒரு தும்மல், இங்கே நம் கடைத் தட்டில் முட்டை தேக்கம் என்ற அனுபவம் நமக்குப் பறவைக் காய்ச்சல் காலங்களில் நிறையவே உண்டு. ஆகவே வாடிக்கையாளரிடம் பேசும்போது எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

துத்தநாகம் விஷமா என்றால், இல்லை. பயிருக்கு அது வேண்டும். நம் மாவட்டத்து நெல் வயல்களில் துத்தநாகக் குறைபாடு வந்தால் எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்லித்தான் வேளாண் துறை சிபாரிசு செய்கிறது. அதில் உள்ள துத்தநாகம் சுமார் ஐந்தே கால் கிலோ. வரம்பு அளவில் துத்தநாகம் உள்ள கோழி எருவை எக்டேருக்கு 5 டன் போட்டாலும் வயலுக்குப் போவது 5 கிலோதான். ஒரு எக்டேர் மேல்மண் இரண்டாயிரம் டன்னுக்கு மேல். அந்த மண்ணில் இந்த 5 கிலோ கலந்தால் கிலோவுக்கு இரண்டரை மில்லிகிராம்கூட வராது. ஒரு தடவைக்கு இது பெரிய கேடு அல்ல. பூவும் காயும் மாறி மாறி ஆண்டுக்கு மூன்று போகம், ஒவ்வொரு போகத்துக்கும் எரு என்று பத்து வருஷம் தொடர்ந்தால்தான் மண்ணில் தங்கிச் சேரும்.

ஆனால் மொட்டை மாடித் தொட்டியில் கதையே வேறு. அங்கே மூன்றில் ஒரு பங்கு எரு, மீதி மண்ணும் நார்க்கழிவும். கரைத்துவிட இரண்டாயிரம் டன் மண் அங்கே இல்லை. எருவில் கிலோவுக்கு 1,180 இருந்தால் தொட்டி மண்ணில் ஏறக்குறைய 400. வயலில் ஏறுவதைப் போல நூற்றைம்பது மடங்குக்கு மேல். அந்த ஆசிரியர் வீட்டுக் கீரை ஏன் வெளிறியது என்பதற்கு இதுவே போதிய காரணமாக இருக்கலாம். துத்தநாகம் மிகுந்தால் செடிக்கு இரும்புச் சத்து எடுபடாது, இலை வெளிறும். லாரி லோடாக வயலுக்குப் போகும் எருவைவிட, நம் கடையில் கிலோக் கணக்கில் விற்கிற பைதான் கூடுதல் கவனம் கேட்கிறது. பெரிய சரக்கில் பெரிய ஆபத்து, சின்னச் சரக்கில் சின்ன ஆபத்து என்று நினைத்துப் பழகிவிட்ட நமக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

துத்தநாகமும் செம்பும் இப்படி என்றால், கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற ஈயமும் காட்மியமும் வேறு ரகம். அவை பயிருக்கும் வேண்டாம், மனிதனுக்கும் வேண்டாம். காட்மியம் மண்ணில் இருந்தால் கீரை வகைகள் அதைத் தாராளமாக உறிஞ்சுகின்றன. உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கும். ஜப்பானில் ஜின்சு நதிக் கரையில், கமியோகா துத்தநாகச் சுரங்கக் கழிவு பாய்ந்த வயல்களின் அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கும் ‘இத்தாய் இத்தாய்’ நோய் வந்ததையும், அதற்குக் காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968ல் ஒப்புக்கொண்டதையும் உலகமே அறியும். துத்தநாகமும் காட்மியமும் பூமிக்குள்ளேயே ஒட்டிப் பிறந்தவை. மலிவான துத்தநாகம் வாங்கினால் காட்மியம் இனாமாக வரும்.

இங்கேதான் நமது கும்மிடிப்பூண்டி வருகிறது. நமது மாவட்டம் நெல்லுக்கும் பூவுக்கும் பேர் போனது. அதோடு இரும்பு உருக்காலைகளுக்கும், வார்ப்படங்களுக்கும், பழைய பேட்டரி உருக்கும் கூடங்களுக்கும் பேர் போனது. இரும்பின் மேல் நாகம் பூசும் தொட்டிகளில் மிஞ்சுகிற சாம்பலில் துத்தநாகம் நிறைய உண்டு. அந்தச் சாம்பலை அமிலத்தில் கரைத்துத் துத்தநாக சல்பேட் தயாரிப்பது நம் நாட்டில் நெடுநாளாக நடக்கிற தொழில். முறையாகச் சுத்திகரித்தால் குற்றமில்லை. சுத்திகரிக்காமல் விட்டால் ஈயமும் காட்மியமும் அதிலேயே நிற்கும். உரத்துக்கான துத்தநாக சல்பேட்டில் இவ்விரண்டுக்கும் அரசு வரம்பு வைத்திருப்பது அதனால்தான். தீவனத்துக்கு ஒரு தரம், வயலுக்கு ஒரு தரம், தொழிற்சாலைக்கு ஒரு தரம் என்று சந்தையில் மூன்று விலை இருக்கிறது. வயல் தரச் சரக்கு தீவனக் கலவைக்குள் போவதும், தொழில் தரச் சரக்கு வயலுக்குப் போவதும் விலை வித்தியாசம் இருக்கிறவரை நடக்கக்கூடியதே. அந்த விலை வித்தியாசத்தில் நடுவே நிற்பது யார்? வியாபாரிதான். நம்மில் தீவன மூலப்பொருள் மொத்த வியாபாரம் செய்பவர்கள் உண்டு. கிளிஞ்சல், தவிடு, புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், டைகால்சியம் பாஸ்பேட், தாது உப்பு எல்லாம் நம்மவர் கிடங்கிலிருந்துதான் போகிறது. பண்ணைக்காரரைக் குறை சொல்லும் முன் நமது கிடங்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நியாயம்.

இது நமது ஊர்க் கற்பனை அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் க்வின்சி என்கிற சிற்றூரின் மேயர், தம் ஊர் விவசாயிகளின் பயிர் கெடுவதைக் கண்டு கேள்வி எழுப்பினார். தொழிற்சாலைக் கழிவுகள், உருக்காலைத் தூசி உட்பட, உரம் என்ற பெயரில் வயலுக்குப் போவதை ‘சியாட்டில் டைம்ஸ்’ பத்திரிகை 1997ல் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டது. மறு ஆண்டே, 1998ல், அந்த மாநிலம் உரங்களில் உலோக அளவுக்குச் சட்டம் போட்டது. அங்கேயும் பலர் முதலில் சொன்ன பதில், “துத்தநாகம் நல்லதுதானே” என்பதுதான்.

பாஷாணத்தின் கதை இன்னும் வேடிக்கை. ஆர்சனிக் கலந்த ‘ராக்ஸார்சோன்’ என்ற மருந்தைக் கோழிகளுக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்கவும் வளர்ச்சிக்கும் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் தீவனத்தில் கொடுத்து வந்தார்கள். அது உடம்பில் தங்காமல் வெளியேறிவிடும், ஆகவே கறிக்குப் பாதகமில்லை என்பது வாதம். வெளியேறியது எங்கே போனது? எருவுக்குள். எரு எங்கே போனது? வயலுக்கு. 2011ல் கோழி ஈரலிலேயே கனிம ஆர்சனிக் கூடுதலாக இருப்பதை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் கண்டபின் விற்பனை நிறுத்தப்பட்டது. மேரிலாண்ட் மாநிலம் 2012ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2015 முடிவுக்குள் அந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாம் அங்கே விலக்கப்பட்டன. சீனாவும் 2019ல் நிறுத்தியது. கோழி மருந்து விற்கும் நம் உறுப்பினர்கள் டப்பாவின் லேபிளில் ஆர்சனிக் என்ற சொல்லோ, ராக்ஸார்சோன் என்ற பெயரோ இருந்தால் அதைத் தட்டில் ஏற்றவே வேண்டாம் என்பது நமது வேண்டுகோள்.

தீவனத்தைத் தவிர வேறு வாசல்களும் உண்டு. கறிக்கோழிக் கொட்டகையில் கீழே பரப்பும் தூள் எங்கிருந்து வருகிறது? நெல் உமி என்றால் நல்லது. பழைய கதவு, ஜன்னல், பேக்கிங் பெட்டி அறுத்த மரத்தூள் என்றால் பெயின்ட்டின் ஈயமும், கரையான் மருந்தின் செம்பு, குரோமியம், ஆர்சனிக்கும் அதோடு வரும். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று எருக் குவியலில் சாம்பல் கொட்டுகிறார்கள். உமிச் சாம்பல் பரவாயில்லை. அனல் மின் நிலையச் சாம்பலோ, உருக்காலை அருகே சும்மா கிடக்கிற சாம்பலோ என்றால் எருவைவிட அதுவே பெரிய சரக்காகிவிடும். இனாமாகக் கிடைக்கிறது, எடையும் கூடுகிறது என்பதுதான் அதன் கவர்ச்சி. நகரக் குப்பையைச் சலித்துக் கலப்பவர்களும் உண்டு. குப்பையில் செல் பேட்டரியும் உடைந்த டியூப்லைட்டும் இருக்கும். கடைசியாகச் சாக்கு. நமது உறுப்பினர் பார்த்த அந்த உள்வெளிச் சாக்கு போல.

மக்க வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எரு வியாபாரிகள் சொல்கிறார்கள். பாதி உண்மை. முறையாக மக்கினால் நாற்றம் போகும், புழு போகும், களை விதை சாகும், நோய்க் கிருமி அடங்கும். உலோகத்தை நெருப்பே அழிக்காது, மக்குதல் எப்படி அழிக்கும்? முன்பு சொன்னபடி அடர்த்திதான் கூடும். ஆனால் மக்கும்போது உலோகத்தைச் செடி எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டிப் போட முடியும். மக்கிய எருவின் கருமையான சத்து தானே ஓரளவு பிடித்துக்கொள்ளும். உமியைக் காற்றுக் குறைவாகக் கரித்த உமிக்கரி, பென்டோனைட் களிமண், சியோலைட் ஆகியவற்றில் ஒன்றை எருவோடு சேர்த்து மக்க வைத்தால் இந்தப் பிடிப்பு கூடுகிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகளும் காட்டியிருக்கின்றன. நமது பகுதிக்கு உமிக்கரிதான் பொருத்தம். செங்குன்றம் அரிசி ஆலைகள் இருக்க உமிக்குப் பஞ்சமா? அதைச் சாம்பலாக எரித்துவிடாமல் கரியாக நிறுத்தும் சூட்சுமத்தைப் பண்ணைக்காரர்கள் கற்றுக்கொண்டால் போதும். கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி என்பதால் வைக்கோல், நார்க்கழிவு போன்ற சக்கைப் பொருளைச் சேர்த்து, பிழிந்தால் ஈரம் தெரியும் அளவுக்கு நனைத்து, புரட்டிப் புரட்டி ஏழெட்டு வாரம் விட வேண்டும். அவசரத்தில் மூன்று வாரத்தில் சலித்துப் பையில் போட்டது எருவே அல்ல.

கட்டிப் போடுவது வேறு, இல்லாமல் செய்வது வேறு என்பதையும் மறக்கக்கூடாது. சோதனைக் கூடம் மொத்த அளவைத்தான் பார்க்கும். உமிக்கரி சேர்த்ததால் 1,200 என்பது 800 என்று தாளில் மாறாது. ஆகவே தீவனத்தில் குறைக்காமல் குவியலில் சரிசெய்துவிடலாம் என்று எவராவது பொடி விற்க வந்தால் நம்பி ஏமாற வேண்டாம். தீவனத்தில் ஃபைட்டேஸ் நொதி சேர்த்தால் தானியத்துக்குள் பூட்டிக் கிடக்கிற துத்தநாகமே கோழிக்குக் கிடைக்கும். வெளியிலிருந்து போடுவதைக் குறைக்கலாம். அமினோ அமிலத்தோடு பிணைத்த தாது உப்பு விலை கூடுதல், ஆனால் குறைந்த அளவே போதும். இதையெல்லாம் கணக்கிட்டுச் சொல்ல கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பரிசோதனைக் கூடம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. தீவனம் விற்கும் நம் உறுப்பினர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது அங்கே மாதிரி அனுப்பி, அந்தத் தாளைப் பண்ணைக்காரரிடம் காட்டினால் வியாபாரம் பெருகுமே தவிர குறையாது.

இனிச் சட்டம். உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985ல் வந்தது. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் பிறந்தது. அங்கக உரங்களும் 2006ல் அதற்குள் கொண்டுவரப்பட்டன. நகரக் கம்போஸ்டுக்குக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்தான் இருக்கலாம் என்ற அட்டவணையில் ஆர்சனிக் 10, காட்மியம் 5, குரோமியம் 50, செம்பு 300, பாதரசம் 0.15, நிக்கல் 50, ஈயம் 100, துத்தநாகம் 1,000 என்று இருக்கிறது. ஜெர்மனியில் உயிர்க்கழிவு உரத்துக்கு 1998லேயே துத்தநாகம் 400, செம்பு 100, காட்மியம் ஒன்றரை என்று வைத்துவிட்டார்கள். நமது வரம்பு தாராளமானது. அந்தத் தாராள வரம்பையும் தாண்டிய சரக்கை ‘இயற்கை உரம்’ என்று பெயர் போட்டு விற்றுவிட்டு, பின்னால் அதிகாரி மாதிரி எடுக்கும்போது “எனக்குத் தெரியாது, நான் வாங்கி விற்பவன்” என்று சொல்ல முடியுமா? பில் வைத்திருப்பவராவது விரலை நீட்டிக் காட்டலாம். பில் இல்லாதவரின் விரல் தன்னையே காட்டும். அதிலும் உரம் என்று விற்க உரிய அனுமதி வேண்டும் என்பதே மளிகைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. கலப்படச் சட்டத்தில் உற்பத்தியாளரை விட்டுவிட்டு கடைக்காரரைக் கோர்ட்டுக்கு இழுத்த கொடுமைகளை எதிர்த்து நாம் எத்தனை கடையடைப்பு நடத்தியிருக்கிறோம்! அதே கண்ணியில் நாமே போய்த் தலையைக் கொடுப்பானேன்?

இதற்கு எதிர்வாதம் சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு கிலோ எருவில் கிடைப்பது பத்து, பதினைந்து ரூபாய். அதற்காக ஆயிரக்கணக்கில் சோதனைக்குச் செலவிட முடியுமா என்கிறார்கள். தனிக் கடைக்கு முடியாதுதான். அதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நம் பகுதியில் எரு சப்ளை செய்பவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைக்குக் கடை சோதிக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு லாட் சோதித்தால் போதும். அந்தச் செலவும் நம்முடையதாக இருக்க வேண்டியதில்லை. சோதனைத் தாளோடு வந்தால் எடுக்கிறோம், இல்லையென்றால் வேண்டாம் என்று நாம் அனைவரும் ஒரே குரலில் சொன்னால் சப்ளை செய்பவர் தாமே செய்துகொண்டு வருவார். இரண்டு கடைக்காரர் மட்டும் சொன்னால் மூன்றாவது கடையில் இறக்கிவிட்டுப் போவார். சங்கம் எதற்கு இருக்கிறது?

இன்னொரு வாதம், இதையெல்லாம் பத்திரிகையில் எழுதினால் எரு வியாபாரமே படுத்துவிடும் என்பது. நாம் அப்படி நினைக்கவில்லை. கோழி எரு நல்ல சரக்கு. தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் மாட்டெருவைவிட அதில் கூடுதல். ஊர் ஓரத்தில் கொட்டி ஈ மொய்க்க விடுவதைவிட, மக்க வைத்து விற்பது எல்லாருக்கும் நல்லது. பெரிய பண்ணைகள் எருவைக் கண்டபடி கொட்டக்கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் 2020க்குப் பிறகு கெடுபிடியை அதிகரித்திருக்கின்றன. அதனால் எரு இன்னும் கூடுதலாகவே சந்தைக்கு வரும். நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கடைக்காரருக்குத்தான் இனி அந்த வியாபாரம் நிற்கும்.

ஆகவே முதற்கட்டமாகச் சில காரியங்களை நமது சங்கம் செய்யத் தீர்மானித்திருக்கிறது. உறுப்பினர்கள் தற்போது விற்கும் கோழி எருவில், ஒவ்வொரு சப்ளையரின் சரக்கிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து, சங்கச் செலவிலேயே அரசு அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு அனுப்பப்படும். முடிவு வந்ததும் முதலில் அந்தச் சப்ளையருக்குத் தெரிவித்து, சரிசெய்ய அவகாசம் கொடுக்கப்படும். அவகாசத்துக்குப் பின்னும் அதே நிலை என்றால் பெயர் உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கையில் வரும். பில் இல்லாமல் எரு இறக்கும் வேனிலிருந்து இனி யாரும் சரக்கு எடுக்க வேண்டாம். பையின் மேல் தயாரித்தவர் பெயர், முகவரி, தயாரித்த மாதம் இல்லாததையும் அப்படியே திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே கையிருப்பில் உள்ளதை, முடிவு வரும் வரை, கீரைக்கும் காய்க்கும் என்று கேட்பவர்களுக்குக் கொடுக்காமல் பூச்செடிக்கு மட்டும் கொடுப்பது நல்லது. கேட்டால் காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.

மாதிரி எடுப்பதில் ஒரு முறை உண்டு. மேல் மூட்டையில் மேலாக ஒரு கை அள்ளிக் கொடுத்தால் அது மாதிரி ஆகாது. குறைந்தது ஐந்து மூட்டைகளில், நடுப்பகுதியிலிருந்து எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் தாளில் கொட்டிக் கலந்து, நான்கு கூறாகப் பிரித்து எதிரெதிர்க் கூறு இரண்டைத் தள்ளிவிட்டு, மீண்டும் கலந்து, அரைக் கிலோ வரும் வரை இப்படியே குறைத்து வாருங்கள். அள்ளுவதற்கு நாகம் பூசிய தகரக் கரண்டியைப் பயன்படுத்த வேண்டாம். அதிலிருந்தே துத்தநாகம் ஏறிவிடும். பிளாஸ்டிக் குவளை போதும். புதுப் பாலிதீன் பையில் போட்டு, சப்ளையர் பெயரும் எடுத்த தேதியும் எழுதிய சீட்டை இரண்டாவது பையில் வைத்துக் கட்டி, சங்க அலுவலகத்தில் மாலை நாலு மணிக்கு மேல் கொண்டுவந்து கொடுங்கள். பில் நகலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.